கணினி ராஜாக்களோடு பேசியதும் மோதியதும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய சேவ்:

சிவிலைசேஷன் 4 (நாட்டை வளர்த்து, கணினி நடத்தும் ராஜாக்களோடு மோதும் விளையாட்டு, சுருக்கமாகச் சிவி) கையில் கிடைத்துப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஐந்து, ஆறு எல்லாம் வந்த பிறகும் மாதத்துக்கு ஒரு ஆட்டமாவது நான்கில் உட்கார்ந்துவிடுகிறேன். காரணம் அதன் ராஜாக்கள்தான். அவர்களைப் பற்றி நாம் வழக்கமாகச் சொல்வது "சும்மா இருந்தவன் திடீரென்று வந்து விழுந்துட்டான், ஏஐ என்றால் அப்படித்தான்" என்பது. நானும் பல வருடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நம்புவதில்லை. கணினி ராஜா சொல்லிவிட்டுத்தான் அடிக்கிறான். அவன் எந்த இடத்தில் சொல்கிறான் என்பதுதான் நமக்குத் தெரிவதில்லை. எனக்கு அது பிடிபட்ட ஆட்டத்தைச் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

நான்கின் கூடுதல் தொகுப்பான பியாண்ட் த ஸ்வார்ட் வந்தது 2007இல். அதற்கு ஓரிரு வருடம் கழித்து ஆடியது இது. மோனார்க் கடினநிலை, எல்லோரும் ஒரே பெரிய நிலத்தில் இருக்கிற மேப். நான் அசோகர். வடக்கே ஸ்பெயினின் இசபெல்லா, மேற்கே ஆஸ்டெக் ராஜா மான்டெசூமா, அவனுக்கும் அந்தப் பக்கம் மாலி நாட்டு மான்சா மூசா, தூரத்து மூலையில் யாரோடும் ஒட்டாமல் டோக்குகாவா.

இசபெல்லா வழக்கம்போல முதல் ஆளாக ஒரு மதத்தைத் தொடங்கினாள், இந்த முறை பௌத்தம். அது என் ஊர்களுக்கும் பரவியது, நானும் ஏற்றுக்கொண்டேன். சிவி 4 ஆடியவர்களுக்குத் தெரியும், மதம் ஒன்றாக இருந்தால் அவள் கூடப்பிறந்தவள் மாதிரி, வேறாக இருந்தால் நம் முகத்திலேயே விழிக்கமாட்டாள். மான்டெசூமா இந்து மதத்தில் இருந்தான். இசபெல்லா என்னோடு நெருங்க நெருங்க அவன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. பெயர் மேல் மவுஸை வைத்தால் கணக்கு முழுக்கத் தெரியும்: எல்லை உரசுவதற்கு இத்தனை கழித்தல், வேற்று மதத்துக்கு இத்தனை கழித்தல், அவனுக்குப் பிடிக்காதவனோடு வியாபாரம் செய்ததற்கு ஒரு கழித்தல்.

ஒருமுறை வந்து கப்பம் மாதிரி ஒரு டெக்கை (நான் கண்டுபிடித்த தொழில்நுட்பத்தை) கேட்டான், கொடுத்துவிட்டேன். கேட்டதைக் கொடுத்தால் 10 டர்னுக்கு (எல்லோரும் ஒருமுறை ஆடி முடிப்பது ஒரு டர்ன்) கட்டாய சமாதானம் என்பது அன்று எனக்குத் தெரியாது. அவமானமாக இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது முறை கேட்டபோது மறுத்தேன்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அவனையும் மான்சா மூசாவையும் மோதவிடலாம் என்று யோசனை வந்தது. பேச்சுத் திரையைத் திறந்து "மான்சா மூசா மேல் போர் தொடு" என்ற வரியைத் தேடினேன். வரி சிவப்பில் இருந்தது. மவுஸை மேலே கொண்டுபோனால், இப்போதே எங்கள் கையில் நிறைய வேலை இருக்கிறது என்று பதில். சரி, ஏதோ கட்டிடம் கட்டிக்கொண்டிருக்கிறான் போல என்று மூடிவிட்டு நான் என் நூலகங்களைக் கட்டப் போய்விட்டேன்.

சுமார் எட்டு டர்ன். என் மேற்கு நகரத்தின் வாசலில் ஒரு குன்று, அதன் மேல் காடு. 14 படைகள் ஒரே குவியலாக அந்தக் குன்றில் வந்து நின்றன. ஜாகுவார் வீரர்கள், குதிரை வில்லாளிகள், நான்கைந்து கேட்டபல்ட் (கல்லெறி இயந்திரம்). உள்ளே என்னிடம் இருந்தது மூன்று வில்லாளிகளும் ஒரு ஈட்டிக்காரனும். மூன்றாவது டர்னில் ஊர் போய்விட்டது.

அப்போது எங்கள் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது. ஊர் விழுந்த அதே டர்னில் கரண்ட் போனது. யுபிஎஸ் நாலு தடவை பீப் அடித்துவிட்டு அதுவும் அணைந்தது. சேவ் செய்ய நேரமில்லை. ராத்திரி கரண்ட் வந்து திறந்தால், தானாக ஆன சேவ் போருக்குச் சில டர்ன் முன்னால் இருக்கிறது.

அங்கேதான் எனக்கு உறைத்தது. அதே திரையைத் திறந்தேன், அதே சிவப்பு வரி, அதே பதில். ஆனால் மான்டெசூமா யாரோடும் போரில் இல்லை. ஒரு சண்டையும் இல்லாதவனுக்குக் கையில் என்ன வேலை? என்னோடு போட வேண்டிய சண்டைதான் அந்த வேலை. போருக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் ராஜா இன்னொரு போருக்கு ஒத்துக்கொள்ள மாட்டான், ஏன் என்று கேட்டால் அந்த வரியைத்தான் சொல்வான். பிறகு விசாரித்தால் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சமாச்சாரம் அது. எனக்குக் கரண்ட் போனதால்தான் தெரிந்தது.

கிடைத்த டர்ன்களில் செய்ததைச் சொல்கிறேன். முதல் வேலையாக அந்தக் குன்றின் காட்டை வெட்டினேன். காடு இருந்தால் அங்கே நிற்பவனுக்கு 50 சதவீதம் தற்காப்பு, குன்றுக்குத் தனியாக 25. காடு போனால் மரமும் கிடைக்கும், அவன் கவசமும் போகும். ஊரில் மக்கள்தொகையைப் பலிகொடுத்து மதிலை அவசரமாக எழுப்பினேன். ஐந்து கேட்டபல்ட், நாலு யானைப்படை, இரண்டு ஈட்டிக்காரர். ரோடு போட்டு எல்லாவற்றையும் ஒரு டர்ன் தூரத்தில் நிறுத்தினேன்.

வந்தான். அதே படைக்குவியல், இந்த முறை மொட்டைக் குன்று. முதல் இரண்டு கேட்டபல்ட்டைச் சாகட்டும் என்றே அனுப்பினேன். ஒன்று மோதினால் குவியலில் பல படைகளுக்குச் சேர்ந்தாற்போல அடி விழும். மூன்றாவது பிழைத்தது. நான்காவது மோதும்போது எதிரே எல்லாம் பாதி உயிரில் நின்றுகொண்டிருந்தது. அப்புறம் யானைகள். அடுத்த சில டர்னுக்குள் 14ம் காலி. நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன், ராத்திரி ஒரு மணிக்கு.

அடுத்தது இசபெல்லா. ஒரு டெக்கைக் கொடுத்து அவளையும் போருக்குள் இழுத்தேன். இரண்டு பக்கமும் அடி விழுந்து மான்டெசூமா சுருண்டான். ஆனால் கூட்டாளியோடு சேர்ந்து போர் செய்வதில் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது, அனுபவித்தவர்களுக்குப் புரியும். ஒரு ஆஸ்டெக் ஊரின் தற்காப்பை நான் மூன்று டர்ன் கேட்டபல்ட்டால் தட்டித் தட்டிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, உள்ளே இருந்தவர்களில் ஒரே ஒரு வில்லாளியைப் பாக்கி வைத்து, படைகள் களைத்துப்போனதால் டர்னை முடித்தேன். அவள் டர்னில் ஒரு குதிரைப்படை வடக்கிலிருந்து வந்து அந்த ஒருவனைக் கொன்று ஊரை எடுத்துக்கொண்டது. அவள் முகத்தில் நட்பு அப்படியே இருந்தது. சேர்ந்து போரிட்டதற்கு எனக்குக் கூட்டலில் ஒரு புள்ளி வேறு சேர்ந்திருந்தது.

அதைவிட மோசம், தலைநகரை நான் முற்றுகை போட்ட நேரத்தில் மான்டெசூமா மான்சா மூசாவிடம் ஓடிப்போய்ச் சிற்றரசாகச் சேர்ந்துகொண்டான். சிற்றரசைக் காப்பது பேரரசின் கடமை ஆயிற்றே, மான்சா மூசாவோடு எனக்குப் போர் தானாகவே தொடங்கிவிட்டது. அவனிடம் அப்போதே துப்பாக்கிப்படை. சமாதானம் பேசி, பணம் கட்டி வெளியே வந்தேன். அதுவும் சொல்லாமல் வந்தது இல்லை. போரில் தோற்கிறவன் யார் காலில் விழக்கூடும் என்று நான் முன்னாடியே பார்த்திருக்க வேண்டும்.


குன்றும் ஆறும்:

அண்ணா, உங்கள் மான்டெசூமா சொல்லிவிட்டு அடித்தான், சரி. சிவி 5இல் கதை வேறு. 2010இல் அது வந்தபோது ராஜாக்களின் மனக்கணக்கைத் திறந்து காட்டுவதை ரொம்பக் குறைத்துவிட்டார்கள். உள்ளே ஒவ்வொரு ராஜாவும் நம்மைப் பற்றி ஒரு போக்கை எடுத்துவைத்திருப்பான்: பகை, எச்சரிக்கை, அச்சம், நட்பு என்று. அதில் 'வஞ்சகம்' என்றே ஒன்று இருக்கிறது. அந்தப் போக்கில் இருப்பவன் வெளியே நட்பாகத்தான் தெரிவான். அதனால் பேச்சை விட்டுவிட்டுக் காலடியைப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவன் கிரேக்க அலெக்சாண்டர். நான் சயாம். நட்புப் பிரகடனம் செய்திருந்தோம், என் பட்டுத்துணியை வாங்கிக்கொண்டு 240 பொன் கொடுப்பான், அந்தப் பணத்தில்தான் என் ஊர்கள் வளர்ந்தன. ஒரு கட்டத்தில் நட்புப் பிரகடனம் காலாவதியானது, அவன் புதுப்பிக்கவில்லை. கேட்டபோதும் வேண்டாம் என்றான். முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. இதுதான் முதல் அடையாளம், நான் கவனிக்கவில்லை. இரண்டாவது அடையாளம், என் எல்லையில் அவனுடைய படைகள் ஒவ்வொன்றாக வந்து அரைவட்டமாக நின்றன. பக்கத்தில் இருந்த, ஒரே ஊர் கொண்ட சின்ன நாட்டை அடிக்கப் போகிறான் என்று நானே அவனுக்காக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

நல்லகாலம், அந்த ஊரை நான் குன்றின் மேல், ஆற்றின் இந்தக் கரையில் வைத்திருந்தேன். சிவி 5இல் ஒரு கட்டத்துக்கு ஒரு படைதான் நிற்க முடியும். பழைய ஸ்டாக் (படைக்குவியல்) எல்லாம் கிடையாது. இதை ஏஐயால் சமாளிக்கவே முடிவதில்லை. பத்துப் பன்னிரண்டு படையோடு வந்தவன், ஆற்றைத் தாண்டும் இடத்தில் கல்யாண வீட்டு வாசல் மாதிரி நெரிசலில் மாட்டிக்கொண்டான். கேட்டபல்ட்டை முன்னால் விட்டுக் காலாட்படையைப் பின்னால் வைத்திருந்தான், நம்புவீர்களா? ஊருக்குள் ஒரு வில்படை, பின்னால் இரண்டு, ஊரின் சொந்த அம்பு. டர்னுக்கு ஒன்று, சில டர்னில் இரண்டு என்று விழுந்துகொண்டே இருந்தது. கடல் பக்கமாக ஏற்றி அனுப்பிய மூன்று படைகளை என் ஒரே ஒரு போர்க்கப்பல் தின்றது.

பத்தாவது டர்னோ என்னவோ அவனே சமாதானத்துக்கு வந்தான். கையிருப்புப் பொன் முழுக்க, இரண்டு ஆடம்பரப் பொருள், கூடவே ஒரு ஊர். வாங்கிக்கொண்டு விட்டுவிட்டேன்.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் எனக்குப் பாடமே. அடுத்த ஆட்டத்தில் நானே அதைத் திருப்பிச் செய்தேன். பக்கத்து ராஜாவின் எல்லையில் படையை நிறுத்தினேன். அவன் திரையில் வந்து, உன் படைகள் என் எல்லையில் என்ன செய்கின்றன, போருக்கா என்று நேராகவே கேட்டான். 'சும்மா கடந்து போகிறோம்' என்ற பதிலை அழுத்தினேன், கொஞ்ச நேரத்திலேயே போர் தொடுத்தேன். மூன்று ஊர் கிடைத்தது. ஆனால் வாக்குத் தவறியவன் என்ற பெயர் அவனிடம் மட்டும் அல்ல, எல்லா ராஜாக்களிடமும் பதிந்துவிட்டது. ஒருவன் என்னைக் கண்டித்து அறிக்கை விட்டான், அவனுடைய நண்பன் அடுத்து, அவனுடைய நண்பன் அதற்கடுத்து. பட்டு வாங்க ஆளில்லை. பிரேவ் நியூ வேர்ல்ட் என்ற கூடுதல் தொகுப்பு வந்த பிறகு மொத்தமாகப் பொன் வாங்குவதற்கே நட்புப் பிரகடனம் வேண்டும், அதனால் என் கஜானா அப்படியே வற்றிவிட்டது. நேர்மையாகப் போர் அறிவித்திருந்தால் இந்த அளவுக்கு ஆகியிருக்காது. அன்றிலிருந்து அந்தக் கேள்வி வந்தால் பொய் சொல்வதில்லை. போர் வேண்டும் என்றால் அந்த இடத்திலேயே அறிவித்துவிடுகிறேன்.


துறைமுகம்:

நான் சிவி அதிகம் ஆடியதில்லை. மிடீவல் 2 டோட்டல் வார் (2006) என்ற விளையாட்டைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். சண்டை நேரடியாக நடந்தாலும் நாடு நடத்துவது டர்ன் டர்னாகத்தான்.

அதை ஆடிய யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், ஒரு கப்பலைப் பற்றிச் சொல்வார்கள். நான் சிசிலி. பாலெர்மோ, நேப்பிள்ஸ் இரண்டும்தான் ஆரம்பத்தில். வெனிஸோடு கூட்டணி, என் இளவரசியை அவர்கள் வீட்டில் கட்டிக்கொடுத்திருந்தேன். இந்த ஆட்டத்தில் ஒரு டர்ன் என்பது 2 வருடம், 20 டர்ன் நல்ல உறவு என்றால் 40 வருடம், இரண்டு தலைமுறைச் சம்பந்தம். நான் படை முழுவதையும் கடல் தாண்டி டூனிஸுக்குக் கொண்டுபோயிருந்தேன். நேப்பிள்ஸில் இரண்டே இரண்டு ஈட்டிக் காவல்படை. டர்னை முடித்தேன். வெனிஸின் ஒரு கப்பல், ஒன்றே ஒன்று, நேப்பிள்ஸ் துறைமுகத்தின் வாயில் வந்து நின்றது. முற்றுகை. கூட்டணி முறிந்தது என்று ஓலை வந்தது.

அந்த ஒற்றைக் கப்பலைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. படையெடுத்து வந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. எந்த லாபமும் இல்லாத ஒரு காரியத்துக்காக 40 வருட உறவா?

கோபத்தில் வெனிஸின் ஊரான ரகூசாவின் மேல் போனேன். போப் தூது அனுப்பினார்: வெனிஸும் கத்தோலிக்க நாடு, பகையை நிறுத்து. முதலில் அடித்தவன் அவன்தானே என்று போப் பேச்சைக் கேட்காமல் ரகூசாவை எடுத்தேன். மதவிலக்கு விழுந்தது, அதாவது போப் என்னைத் திருச்சபையை விட்டு நீக்கினார். ஊர்களில் ஒழுங்கு சரிந்தது, குடும்பத் தளபதிகளின் விசுவாசத்தைப் பற்றியே கவலைப்பட வேண்டிய நிலை. மதவிலக்கு பெற்ற நாட்டின் மேல் சிலுவைப்போரே அறிவிக்கலாம், அந்தப் பயம் ஒவ்வொரு டர்னும் இருந்தது.

என்னைக் காப்பாற்றியது அதே டூனிஸ்தான். அங்கே நான் அனுப்பியிருந்த பாதிரியார்கள் மக்களை மதம் மாற்றி மாற்றிப் பக்தியில் உயர்ந்து, ஒவ்வொருவராகக் கார்டினல் (போப்பைத் தேர்ந்தெடுக்கும் மூத்த குரு) ஆகியிருந்தார்கள். வயதான போப் இறந்தார். தேர்தலில் நின்ற மூவரில் ஒருவர் என் ஆள், ஓட்டும் என் பக்கம் அதிகம். அவரே போப் ஆனார், மதவிலக்கும் போனது. வாளால் தீர்க்க முடியாததை, பதினைந்து டர்னுக்கு முன்னால் வேறு எதற்கோ அனுப்பிய நாலு பாதிரியார்கள் தீர்த்தார்கள்.

பழைய சேவ் அண்ணா சொன்னதை வைத்து இப்போது யோசிக்கிறேன். வெனிஸ் சொன்ன இடம் எது? என் நேப்பிள்ஸ் காவல்தான். அது ஆறு படையாக இருந்தவரை கப்பல் வரவில்லை, இரண்டான பிறகு வந்தது. அடுத்த ஆட்டத்தில் கூட்டாளியின் பக்கம் இருக்கிற ஊரில்தான் அதிகக் காவல் வைத்தேன். அந்தக் கூட்டணி கடைசிவரை நின்றது. ஒரு ஆட்டத்தை வைத்து விதி என்று சொல்லமாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு அப்படித்தான் ஆடுகிறேன்.


பழைய சேவ்:

துறைமுகம் நண்பரே, அந்தக் கப்பலை நானும் பார்த்திருக்கிறேன், எனக்கு அது மிலான்.

நீங்கள் கேட்ட "எந்த லாபமும் இல்லாத காரியத்துக்காகவா" என்ற கேள்விக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான்கை வடிவமைத்த சோரன் ஜான்சன் இதைப் பற்றி ஒரு உரையே நிகழ்த்தியிருக்கிறார். ஜெயிப்பதற்காக ஆடும் ஏஐ ஒன்று, ஆடுகிறவனுக்குச் சுவாரசியமாக இருப்பதற்காக ஆடும் ஏஐ இன்னொன்று, சிவிக்கு வேண்டியது இரண்டாவது என்பது அவர் நிலை. அதனால்தான் நான்கில் இசபெல்லா ஒரு பாத்திரமாக இருக்கிறாள். நாம் ஜெயிக்கப்போகிறோம் என்பதற்காக மட்டும் அவள் நம்மை வெறுப்பதில்லை. ஐந்தில் எதிரே இருப்பவனும் ஜெயிக்க வந்தவன். நீங்கள் எந்த வழியில் ஜெயிக்கப் பார்க்கிறீர்களோ அதே வழியில் தானும் போகிறேன், அது பிடிக்கவில்லை என்றே ஒரு காரணம் அவன் பட்டியலில் வரும். மனிதர்களோடு மேஜையில் உட்கார்ந்து ஆடினால் அது நியாயம்தான். ஆனால் 6000 வருடம் கூடவே வந்த நண்பன் கடைசிக் கட்டத்தில் அந்தக் காரணத்துக்காக முகம் திருப்பும்போது எனக்கு மனசு ஒப்பவில்லை. என் ஓட்டு நான்குக்கே. பாத்திரமாக இருப்பவனோடுதான் பேச முடியும்.


அண்டைநாடு:

சிவி 6 ஆடுகிறவர்கள் யாரும் எழுதவில்லையே என்று நான் வருகிறேன்.

ஆறில் (2016) ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு கொள்கை உண்டு, அதைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ஸ்பார்ட்டாவின் கோர்கோவுக்கு இதுவரை போரே செய்யாதவனைப் பிடிக்காது, சமாதானத்துக்காக எதையாவது விட்டுக்கொடுத்தவனையும் பிடிக்காது. காந்திக்கு நேர்மாறு. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் ஒருவரைத் திருப்திப்படுத்தியவுடன் இன்னொருவர் முகம் சுளிப்பார், எனக்கு வந்தது. ஒரு நடைமுறை விஷயம்: யாரையாவது முதன்முதலில் சந்திக்கும் அதே டர்னில் 25 பொன் கொடுத்துத் தூதுக்குழுவை அனுப்பிவிடுங்கள். அப்போது பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், நாலு டர்ன் தள்ளிப்போட்டால் அதற்குள் மனசு மாறிவிடும்.

காந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. முதல் சிவியில் காந்தியின் ஆவேச எண் (போர்க்குணத்தின் அளவு) 1, ஜனநாயகத்துக்கு மாறினால் அதிலிருந்து கழிபட்டுச் சுற்றிக்கொண்டு 255 ஆகி அணுகுண்டு போடுவார் என்று ஒரு கதை எல்லோரும் சொல்வோமே. அது உண்மை இல்லை. அப்படி ஒரு பிழை இருக்கவே இல்லை என்று சிவியை உருவாக்கிய சிட் மையரே 2020இல் வந்த தன் நினைவுக்குறிப்பில் எழுதிவிட்டார். ஆனால் ஐந்தில் காந்தியின் அணுஆயுத நாட்டம் வேண்டுமென்றே 12 என்று வைக்கப்பட்டது, மற்ற ராஜாக்களுக்கு அந்த அளவுகோல் 10 வரைதான். ஆகவே ஐந்தில் அவர் குண்டு போட்டது உங்கள் பிரமை இல்லை.

நான் சொல்ல வந்தது சந்திரகுப்தரைப் பற்றி. 2018இல் வந்த கூடுதல் தொகுப்பில் இந்தியாவுக்கு இரண்டாவது தலைவராக வந்தார். அவர் திறமையின் பெயரே அர்த்தசாஸ்திரம். எல்லை விரிவுக்கான போரை அறிவித்தால் முதல் 10 டர்ன் அவர் படைகளுக்கு வேகம் 2, பலம் 5 கூடும். எல்லை ஒட்டியிருப்பவனைக் கண்டால் அவருக்கு ஆகாது, தள்ளியிருப்பவனைப் பிடிக்கும். பக்கத்து நாட்டான் பகைவன், அவனுக்கும் அப்பால் இருப்பவன் நண்பன் என்ற அந்தப் பழைய மண்டலக் கணக்கை அப்படியே ஒரு ராஜாவின் சுபாவமாக்கியிருக்கிறார்கள். பழைய சேவ் அண்ணாவின் ஆட்டத்தில் எல்லை உரசலுக்குக் கழித்தல் விழுந்ததும் அதே கணக்குதானே.

நான் அவரோடு எல்லை ஒட்டி ஆடிய ஆட்டத்தில் எதைக் கொடுத்தும் அவரை இளக்க முடியவில்லை. தூதுக்குழு, திறந்த எல்லை, பரிசாகப் பொன், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் அவருக்கு அந்தப் பக்கம் இருந்த எகிப்தின் கிளியோபாட்ராவைப் பிடித்தேன். அவளுக்குப் படைபலம் பிடிக்கும், என்னிடம் படை இருந்தது. 30 டர்ன் நட்பு, அப்புறம் கூட்டணி. சந்திரகுப்தர் என் மேல் வந்தபோது அவருடைய யானைகள் முதல் 10 டர்னில் என் ஒரு ஊரைத் தட்டிவிட்டன, வேகம் அப்படி. ஆனால் முதுகுப்பக்கம் எகிப்து வந்ததும் பாதிப் படை திரும்பிவிட்டது. அர்த்தசாஸ்திரக்காரரை அர்த்தசாஸ்திரத்தாலேயே நிறுத்தினேன் என்று அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏழில் (2025) சோழர்களும் ஆடக் கிடைக்கிறார்கள், அதில் கப்பலும் வணிகமுமாக ஆடிப்பார்த்துவிட்டு இன்னொரு நாள் எழுதுகிறேன்.


குன்றும் ஆறும்:

எல்லோரும் துரோகத்தைப் பற்றியே எழுதிவிட்டோம், நானும் அதையே எழுதினேன். ஒரு நல்லதும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது.

நான் மேலே சொன்ன அந்தப் பொய் சொன்ன ஆட்டம். எல்லோரும் என்னைக் கண்டித்துவிட்ட பிறகு, அடுத்த கண்டத்தில் ஜூலுக்களின் ஷாக்கா எத்தியோப்பியாவை முழுதாக விழுங்கிவிட்டான். ஹைலே செலாசி ஆட்டத்திலிருந்தே நீங்கிவிட்டார். எனக்கும் அவருக்கும் பெரிய உறவு எதுவும் இல்லை, சந்தித்தது மட்டும்தான். வெகுநாள் கழித்து ஷாக்கா என் மேல் கப்பலோடு வந்தான், நான் திருப்பி அடித்து அவன் கரையில் இறங்கி முதலில் பிடித்த ஊர் அடிஸ் அபாபா.

திரையில் வழக்கமான தேர்வுகள். இணைத்துக்கொள், பொம்மை ஆட்சி வை, அப்புறம் மூன்றாவதாக, எத்தியோப்பியாவுக்கே விடுதலை கொடு. நல்ல ஊர், ஆற்றங்கரை, உள்ளே ஒரு அதிசயக் கட்டிடமும் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்தேன். உலகமே என்னைப் பொய்யன் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. விடுதலையை அழுத்தினேன்.

ஹைலே செலாசி ஒரே ஒரு ஊரோடு மறுபடி ஆட்டத்துக்குள் வந்தார். அந்த ஊருக்குள் காவலுக்கு ஒரு படைகூட இல்லை, நான் என் துப்பாக்கிப்படை ஒன்றை அவர் எல்லையிலேயே நிறுத்திவைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ராஜாவாக வந்து என்னைக் கண்டிப்பதும் என் பொருளை வாங்க மறுப்பதுமாக அந்த ஆட்டம் கடைசிவரை போனது. அவர் மட்டும் மாறவில்லை. நட்புப் பிரகடனம் கேட்டால் ஒத்துக்கொண்டார், முடிந்ததும் மறுபடி கேட்டால் மறுபடி ஒத்துக்கொண்டார். உலகத் தலைவர் தேர்தல் வந்தபோது ஓட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தேன். மற்ற எல்லா நாட்டு ஓட்டும் அவரவர் பெயருக்கே. எத்தியோப்பியாவின் வரியில் என் பெயர் இருந்தது.